எந்தத் தெரு?

இராஜபாளையம், 2025 டிசம்பர் 6. அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்.



மில் சங்கு கேட்டு வளர்ந்த ஊரில் பேசுகிறேன். ஆகவே நூலிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய பம்பாய் மில்களில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது நாடாவில் ஊடை நூல் தீர்ந்துவிட்டால், புதுத் தார் போட்டு, நாடாவின் துளை வழியாக நூல் நுனியை வாயால் உறிஞ்சி வெளியே இழுப்பார்கள். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு காரணத்தைச் சொல்லி தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களை நெசவுப் பிரிவுக்குள் விடவில்லை. கூலி அதிகம் கிடைத்த பிரிவு அதுதான். நூற்புப் பிரிவில் சேர்ந்துகொள்ளலாம், தறிப் பக்கம் வரக் கூடாது. 1928-இல் பம்பாயில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, எல்லாப் பிரிவுகளையும் எங்கள் ஆட்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள் என்று அண்ணல் கேட்டார். சிவப்புக் கொடி பிடித்த தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் சேர்த்தார்கள்.

பத்து ஆண்டு கழித்து, 1938 பிப்ரவரியில், மன்மாடில் ரயில்வேயில் வேலை பார்த்த தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களின் மாநாடு நடந்தது. பார்ப்பனியமும் முதலாளித்துவமும் நம் இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது அங்கேதான். அந்த வரியை நாம் எல்லாச் சுவரொட்டியிலும் போட்டுவிட்டோம். அதே உரையில் இன்னொரு விவரம் உண்டு, அதை அதிகம் பேர் எடுத்துச் சொல்வதில்லை. தண்டவாளத்தில் கேங்மேனாக இருக்கும் நம் ஆள் ஏன் போர்ட்டர் ஆக முடியவில்லை? போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார். வீட்டுக்குள் நுழைய முடியாதவனைப் போர்ட்டராக எடுத்து அவருக்கு என்ன பயன்? தகுதி, திறமை என்ற பேச்செல்லாம் அங்கே எழவே இல்லை பாருங்கள். ஒரு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் தன் வீட்டு வாசலை மனதில் வைத்துக்கொண்டு எடுத்தார்.

நம் ஊருக்கு வருவோம். 1936-இல் இராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது. அதன்பின் இந்த ஊரே நூற்பாலை ஊராகிவிட்டது. சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவமனைகளுக்குப் போகும் கட்டுத்துணி, அந்தப் பக்கம் சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம். மழையை நம்பிக் கிடந்த வறண்ட பூமியில் இத்தனை தொழில் வந்தது சின்னச் செய்தி இல்லை. அதைக் கொச்சைப்படுத்த நான் இங்கே வரவில்லை. எப்படி வந்தது என்று மட்டும் பார்க்கச் சொல்கிறேன். சிவகாசியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் வராதே என்று தடுக்கப்பட்ட ஒரு சமூகம், 1899 கலவரத்தின் ரணம் ஆறுவதற்கு முன்பே, தங்களுக்குள் மகமை வசூலித்து, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டி, 1921-இல் தூத்துக்குடியில் வங்கி தொடங்கி, 1920-களில் இரண்டு இளைஞர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பி தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தது. எனக்கு அதில் மரியாதை உண்டு. நாமும் செய்திருக்க வேண்டிய வேலை என்ற ஏக்கமும் உண்டு. ஆனால் மகமையில் சேர்வதற்கு ஒரு மூட்டை மிளகாயோ பருத்தியோ விற்கிற வியாபாரமாவது கையில் இருக்க வேண்டும். நிலமும் இல்லை, கடையும் இல்லை, கூலியாக நெல்லும் கம்பும் வாங்கியவர்கள் எதைப் போட்டு மகமை நடத்துவது? இந்தப் பகுதியில் மூலதனம் என்பது சாதிக்குள் சேர்ந்த பணம். அந்தப் பணம் உருவாக்கிய வேலையும் முதலில் சாதிக்குள்தான் போகும். அது இயல்பாக நடந்தது. அதுதான் சிக்கல்.

என் அப்பா இந்த வட்டாரத்து மில் ஒன்றில் பதிலியாக இருந்தவர். இளைஞர்களுக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். நிரந்தரத் தொழிலாளி எவராவது வராவிட்டால் அந்த ஷிப்டுக்கு மட்டும் உள்ளே போகிற ஆள் பதிலி. ஷிப்டு தொடங்கும் முன் கேட்டில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து விரல் காட்டுவார். நாலு பேர் போவார்கள், பத்துப் பேர் சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பி நடப்பார்கள். பத்து வருடத்துக்கு மேல் அப்பா அப்படி நின்றார். உள்ளே போன நாட்களில் பெரும்பாலும் பஞ்சு பிரிக்கிற இடம்தான், தூசி அதிகமான இடம். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் நிரந்தரமானார்கள். ஒருநாள் நான் கோபமாகக் கேட்டபோது அப்பா சொன்னார்: “அந்த மேஸ்திரி கெட்டவர் இல்லப்பா. அவரு அக்கா மகனக் கூப்பிட்டாரு, அவ்வளவுதான்.”

இந்தப் பதிலை நான் பல வருடம் சுமந்துகொண்டு திரிந்தேன். அப்பாவின் பெருந்தன்மை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். பிறகுதான், தனியார் வேலையில் சாதி எப்படி இயங்குகிறது என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்று புரிந்தது. அங்கே யாரும் உன்னைப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. தன் ஆளைக் கூப்பிட்டால் போதும். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, தீண்டாமையைக் காரணமாக்கி வேலையில் தடை போடுவதைக் குற்றம் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அக்கா மகனைக் கூப்பிடுவதை எந்தப் போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது?

படித்துவிட்டால் இது மாறிவிடும் என்று நம்பினோம். 2005-06-இல் சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒன்றுபோல. பெயர் மட்டும் வேறு: ஒன்றில் உயர்சாதிப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை நூறு என்று வைத்தால் தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33. அதே சமயத்தில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளைச் சந்தித்துப் பேசினார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் பார்க்கிறோம் என்றார்கள் அதிகாரிகள். நேர்காணலில் என்ன கேட்பீர்கள் என்றால், குடும்பப் பின்னணி கேட்போம் என்றார்கள். இந்த இரண்டு ஆய்வுகளும் 2007-இல் வெளிவந்தன.

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை, ஆகவே இந்தச் சோதனை இங்கே செல்லாது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். பெயரில் இல்லாத சாதி முகவரியில் இருக்கிறது நண்பரே என்றேன். நமக்குப் பக்கத்தில், வத்திராயிருப்பு அருகே புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992-இல் ‘கருக்கு’ எழுதினார். அதில் அவருடைய அண்ணனிடம் ஒருவர் பெயரைக் கேட்டுவிட்டு, அடுத்த கேள்வியாக எந்தத் தெரு என்று கேட்கிற இடம் வரும். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். நான் பாடம் நடத்திய மாணவி ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போனாள். தேர்வில் தேறி, கடைசிச் சுற்று வரை வந்துவிட்டாள். எதிரே இருந்தவர் நம்ம பக்கத்து ஆள்தான். ஊரைக் கேட்டார். “அட, எனக்குத் தெரிஞ்ச ஊராச்சே, அங்க எந்தத் தெரும்மா? பெருமாள் கோயில் பக்கமா?” இவள் காலனி என்றாள். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

மதிப்பெண் குறைவா, ஆங்கிலம் சரியில்லையா, தெருதான் காரணமா? அவளாலும் நிரூபிக்க முடியாது, என்னாலும் முடியாது. உண்மையிலேயே வேறு காரணம் இருந்திருக்கலாம். ஒற்றை ஆளின் கதையை வைத்துக்கொண்டு இந்த விஷயத்தில் எதையும் நிறுவ முடியாது. ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர், எந்தப் படியில் என்ற கணக்கு இருந்தால்தான் பேச முடியும். கடந்த ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவோம் என்று அறிவித்தார். வரவேற்கிறேன். பலகை மாறும். எந்தத் தெரு என்று கேட்கிற வாய் அப்படியேதான் இருக்கும்.

தனியார் துறையில் பங்கு வேண்டும் என்பது புதுக் கோரிக்கை இல்லை. 1980-இல் மண்டல் குழு அறிக்கை, அரசிடம் எந்த வடிவத்திலாவது நிதியுதவி பெற்ற தனியார் நிறுவனங்களும் இட ஒதுக்கீட்டின்படி ஆள் எடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிற்படுத்தப்பட்டோருக்கான அறிக்கை அது. அதன் ஒரு பகுதியை 1990-இல் வி.பி.சிங் எடுத்துக்கொண்டார், இந்தப் பரிந்துரையை யாரும் தொடவில்லை. 2004-இல் மத்தியக் கூட்டணி அரசு தன் குறைந்தபட்சத் திட்டத்தில் தனியார் துறை ஒதுக்கீடு பற்றித் தேசிய அளவில் பேசுவோம் என்றது. 2006-இல் தொழிலதிபர்களின் அமைப்புகள் ஜே.ஜே.இரானி தலைமையில் குழு போட்டு, சட்டம் வேண்டாம், நாங்களே விரும்பிச் செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்தன. விரும்பிச் செய்ததன் விளைவு எப்படி? 2010-இல் நாட்டின் முதல் ஆயிரம் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் இருந்த 9,052 பேரைப் பற்றிய ஆய்வு 2012-இல் வந்தது. அதில் 93 விழுக்காடு முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடி இரண்டும் சேர்ந்து 3.5. பிற்படுத்தப்பட்டோரும் 3.8-தான்.

தனியார் முதலாளியின் உரிமையில் சட்டம் தலையிடக் கூடாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2013-இன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தனியாருக்கும் பொருந்துகிறது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம், சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடும்படி தனியார் நிறுவனங்களுக்கும் சொல்கிறது. செபி, பங்குச் சந்தையின் முதல் ஆயிரம் நிறுவனங்களிடம் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்கிறது. சாதியைக் கேட்பதில்லை. போன மாதம் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. ஊதியச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். ஆள் எடுப்பதிலும் கூலியிலும் பாலினப் பாகுபாடு கூடாது என்று எழுதியிருக்கிறது, சரி. சாதி என்ற சொல்லை அந்த இடத்தில் சேர்க்க எத்தனை மை செலவாகியிருக்கும்?

மில்லுக்குத் தனியார் என்று பெயர். 1999 முதல் பல ஆண்டுகள் ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி என்ற மத்தியத் திட்டத்தில் புது இயந்திரம் வாங்கிய கடனுக்கு அரசு வட்டி மானியம் கொடுத்தது. நலிந்துபோன மில்களை 1974-இல் அரசே எடுத்துக்கொண்டு நஷ்டத்தைச் சுமந்தது. பொதுப் பணம் உள்ளே வருகிறது. அந்தப் பணத்தில் பன்னாட்டு நிறுவனம் முதல் பவர்லூம் வரை யார் யார் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள் என்று கேட்டால் மட்டும் அது உள் விவகாரம் ஆகிவிடுகிறது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கடந்த ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை தனியாருக்குப் போனதை எதிர்த்து. நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. அந்த வேலை தனியாருக்குப் போனபோது, இனிமேல் தகுதி பார்த்துத்தான் ஆள் எடுப்போம், எல்லாச் சாதியினரும் விண்ணப்பிக்கலாம் என்று யாராவது அறிவித்தார்களா? அந்த வேலையில் எழுதப்படாத ஒதுக்கீடு முழுசாக அப்படியே இருக்கிறது. போனது அரசு ஊழியர் ஆகும் வாய்ப்பு, ஓய்வூதியம் பெறும் வாய்ப்பு, பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கக் கூடிய ஒரு படி. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டை நாம் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறோம். ஆனால் அரசு வேலை சுருங்கச் சுருங்க அந்த 69 எதன் மீது 69 என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

நம் தோழர்களிடமிருந்தே வருகிற எதிர்ப்புகளுக்கு வருகிறேன். ஒரு சாரார், மில் வேலையே அடிமை வேலை, அதில் பங்கு கேட்பதா என்கிறார்கள். கேம்ப் கூலி, சுமங்கலித் திட்டம் என்ற பெயர்களில் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளை மூன்று வருடம் விடுதிக்குள் வைத்து வேலை வாங்கிய கொடுமையை நானும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கொடுமையே ஒன்றைக் காட்டுகிறது. நூற்பாலைகளுக்கு நம் பெண்கள் வேண்டும். ரிங் ஃப்ரேமுக்கு வேண்டும், இரவு ஷிப்டுக்கு வேண்டும். சூப்பர்வைசர் நாற்காலிக்கும் அலுவலகத்துக்கும்தான் வேண்டாம். பம்பாயில் நெசவுப் பிரிவுக்குப் போட்ட பூட்டை நாம் வேறு கதவில் பார்க்கிறோம். ஆகவே மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டால் ஏமாந்து போவோம். தரையில் இருப்பவர்களைக் கூட்டிக் காட்டி, பாருங்கள் உங்கள் ஆட்கள்தான் அதிகம் என்பார்கள். படிவாரியாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு சாரார், வேலை கேட்காதே, வேலை கொடு என்கிறார்கள். 2002-இன் போபால் பிரகடனம் முதல் இந்தக் குரல் வலுத்திருக்கிறது. நம் மாநிலத்தில் 2023 முதல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. 35 விழுக்காடு மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி, வட்டியிலும் 6 விழுக்காடு சலுகை. இங்கிருக்கும் இளைஞர்கள் அவசியம் விண்ணப்பியுங்கள், மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். ஆனால் ஒரு தெருவில் ஒருவர் முதலாளி ஆனாலும் மிச்சம் நூறு பேர் கூலிக்குத்தான் போயாக வேண்டும். அந்த நூறு பேரைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

நீதிமன்றம் விடுமா என்பது மூன்றாவது கேள்வி. ஹரியானா அரசு உள்ளூர்க்காரர்களுக்குத் தனியார் வேலையில் 75 விழுக்காடு என்று சட்டம் போட்டது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மாநிலச் சட்டத்தை மட்டும் நம்பினால் நமக்கும் அதுதான் நடக்கும். தனியார் கல்லூரிகளில் ஒதுக்கீட்டுக்கு 15(5) என்ற திருத்தம் 2005-இல் நிறைவேறியது, உச்சநீதிமன்றம் 2014-இல் அதை ஏற்றது. வேலைக்கும் அதுபோல ஒரு அரசமைப்புத் திருத்தம் வேண்டும், அதை நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். நாம் இருக்கும் தென்காசித் தொகுதியே தனித்தொகுதி, திருவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. யாரிடம் கேட்பது என்பதில் நமக்குக் குழப்பம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். 15(5) வந்து இருபது வருடம் ஆகியும் தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் அதை நடைமுறைப்படுத்த மத்தியச் சட்டம் வரவில்லை. சட்டம் இயற்றுங்கள் என்று நாடாளுமன்றக் குழு ஒன்று இந்த ஆகஸ்டில்தான் கேட்டிருக்கிறது. திருத்தம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

அதனால்தான் முதலில் கணக்கைக் கேட்போம் என்கிறேன். இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது, அமெரிக்காவை விட அது நமக்குப் பொருத்தம். வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கு நல்ல வேலை கிடைக்காது. பாகுபாடு கூடாது என்று 1976-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்க வேண்டும் என்ற வகைச் சட்டம், பெரிதாக எதுவும் மாறவில்லை. 1989-இல் வேறு மாதிரி போட்டார்கள். முதலாளிகள் பதிவு செய்துகொண்டு, தங்களிடம் வேலை செய்வோரில் எந்தச் சமூகம் எவ்வளவு என்று ஆண்டுதோறும் அரசு அமைப்புக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். இன்று பத்துப் பேருக்கு மேல் வைத்திருக்கும் முதலாளிகள் எல்லாரும் அதில் அடக்கம். பங்கு குறைவாக இருந்தால் என்ன செய்யப் போகிறாய் என்று அந்த அமைப்பு கேட்கும். ஒதுக்கீடு கிடையாது. ஆனாலும் 1990-இல் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருந்த கத்தோலிக்கர் இன்று ஏறத்தாழப் பாதியாக இருக்கிறார்கள். ஊழியர் தன் சமூகத்தைச் சொல்லாவிட்டால் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதை வைத்துக் கணிப்பார்களாம். நம் ஊரில் தெரு, அங்கே பள்ளிக்கூடம்.

இதில் ஒரு பயம் இருக்கிறது, அதை மறைக்காமல் பேச வேண்டும். சென்னையிலும் கோவையிலும் தனியார் அலுவலகங்களில் சாதியைச் சொல்லாமல் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஏராளம். மதியச் சாப்பாட்டு மேசையில் பேச்சு மாறும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள். கணக்கு என்று வந்தால் அவர்கள் வெளியே தெரிந்துவிடுவார்களே? இந்தக் கேள்வியை என் சொந்த மருமகனே கேட்டான். நான் உடனே பதில் சொல்லவில்லை. அயர்லாந்துக்காரர்கள் தனி ஆளின் விவரத்தை வெளியே விடுவதைக் குற்றமாக்கினார்கள். நாமும் அதைக் கேட்கலாம். பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியாமல், மேலாளருக்கும் தெரியாமல், எண்ணிக்கை மட்டும் அரசுக்குப் போகிற ஏற்பாடு. அப்படியும் பயம் முழுதாகப் போகாது. ஆனால் மறைத்து வாழ்வதால் அவனுக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு எதிரே இருப்பவரின் அடுத்த கேள்வி வரைக்கும்தான்.

மாநில அரசால் நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிப்காட் நிலமோ, மானியமோ, அரசு ஒப்பந்தமோ வாங்குகிற நிறுவனம் படிவாரியான இந்தக் கணக்கைக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். அமெரிக்காவில் 1965-இல் ஜான்சன் அரசு ஒப்பந்ததாரர்களுக்கு இப்படித்தான் ஆணை போட்டார். இந்த ஜனவரியில் டிரம்ப் ஒரு கையெழுத்தில் அதை அழித்தார். ஆகவே ஆணையாக வேண்டாம், சட்டமன்றத்தில் சட்டமாக வேண்டும்.

கணக்கில் உட்பிரிவும் இருக்க வேண்டும். அருந்ததியருக்கு 2009-இல் தந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை உச்சநீதிமன்றம் 2024 ஆகஸ்டில் உறுதி செய்தது. இந்த ஊரில் நகராட்சி விளக்குமாற்றைப் பிடித்தவர்கள் யார், அவர்கள் பிள்ளைகள் மில் அலுவலகத்தில் எத்தனை பேர் என்று தேவேந்திரரும் பறையரும் சேர்ந்தே கேட்க வேண்டும். நமக்குள் யாரையும் விட்டுவிட்டு மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது. தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போனஸ் கோரிக்கைப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். 1928-இல் தயங்கியது போதும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு உட்காருகிறேன். வாசலில் புத்தக மேசையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் போன நேர்காணல் ஒவ்வொன்றையும் அதில் எழுதுங்கள். தேதி, என்ன வேலை, என்னென்ன கேட்டார்கள், தெருவைக் கேட்டார்களா, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்களா, பதில் வந்ததா. உங்கள் பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் இப்போதைக்கு வேண்டாம். வேலை கிடைத்த நேர்காணலையும் எழுத வேண்டும், அதை விட்டுவிட்டால் நம் கணக்கும் பொய்க் கணக்குதான். ஏப்ரல் 14-க்குள் எவ்வளவு சேர்கிறதோ அதை எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போவோம். முதல் பக்கத்தில் என் மாணவியின் நேர்காணலை அவளே எழுதியிருக்கிறாள்.